ஆலய ஒலிபெருக்கியும் அயலவர் உரிமையும்

காணி, வீடு, கிணறு, விதைநெல் என்பவற்றோடு ஒப்பிட்டால் ஒலிபெருக்கி சிறிய விடயமாகத் தோன்றும். ஆனால் இடம்பெயர்ந்த குடும்பங்கள் கூடி வாழும் இடங்களில் அயலவரிடையே மனக்கசப்பை உண்டாக்கும் காரணங்களில் இதுவும் ஒன்று. வேலிச் சண்டையைப் போல இதுவும் மெல்லத் தொடங்கும். பின்னர் சமயச் சண்டையாக மாறும்.

நமது பழைய ஊர்களில் வளவுகள் அகன்றவை. கோயிலுக்கும் வீட்டுக்கும் இடையே பனந்தோப்போ வயல்வெளியோ இருந்தது. ஊரில் பெரும்பாலும் ஒரே சமயத்தவர் இருந்தார்கள். திருவிழா என்றால் அது எல்லோருக்கும் திருவிழா. தற்காலிகக் குடியிருப்பிலும் மீள்குடியேற்றக் கிராமத்திலும் நிலைமை வேறு. சில பரப்புக் காணிக்குள் நாலைந்து ஊர்களைச் சேர்ந்தவர்கள் நெருங்கி வாழ்கிறார்கள். சிற்றாலயம், பிள்ளையார் கோயில், பள்ளிவாசல், செபக்கூடம் எல்லாம் கூப்பிடு தூரத்தில் அமைகின்றன. வீட்டுச் சுவரோ கிடுகு, தகரம் அல்லது தறப்பாள். பாரமான கற்சுவர் சத்தத்தை ஓரளவு தடுக்கும், தறப்பாள் தடுப்பதில்லை.

அந்தக் கொட்டிலுக்குள் யார் இருக்கிறார்கள் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இரவு முழுவதும் யானைக் காவல் இருந்து விடியற்காலையில் கண்ணயரும் கமக்காரன் இருக்கிறான். அதிகாலையில் கூலி வேலைக்குப் போகும் தாய் இருக்கிறாள். விளக்கடியில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருக்கிறது. போரின் சத்தங்களைக் கேட்டுத் தப்பி வந்து, இன்றும் திடீர் ஓசைக்கு நெஞ்சு பதறும் மனிதர் இருக்கிறார். இவர்களுக்கு ஒலிபெருக்கி பற்றிக் கேட்க உரிமை உண்டா? சட்டம் உண்டு என்கிறது. நமது விசுவாசமும் அதற்கு எதிராக நிற்கவில்லை.

சத்தத்தின் அளவு

சத்தம் டெசிபெல் என்ற அலகால் அளக்கப்படுகிறது. இருவர் அருகிலிருந்து சாதாரணமாகப் பேசினால் அது ஏறக்குறைய 60 டெசிபெல். இந்த அலகு நாம் நெல் அளக்கும் கணக்குப் போன்றதல்ல. 10 டெசிபெல் கூடினால் ஒலியின் சக்தி 10 மடங்கு கூடுகிறது. காதுக்கு அது ஏறக்குறைய இரு மடங்காகக் கேட்கிறது.

திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போது சத்தம் ஏறக்குறைய 6 டெசிபெல் குறையும். மரத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கிக்கு முன்னால் 10 மீற்றர் தூரத்தில் 100 டெசிபெல் என்று வைத்துக்கொள்வோம். 20 மீற்றரில் அது 94. 40 மீற்றரில் 88. 80 மீற்றரில் 82. 160 மீற்றரில் 76. 320 மீற்றர் தள்ளியும் 70 டெசிபெல் இருக்கும். காற்றினாலும் மரங்களினாலும் இது சற்றுக் கூடிக் குறையலாம். ஆயினும் சிறிய குடியிருப்பு ஒன்றின் கடைசி வீடும் இதிலிருந்து தப்புவதில்லை என்பது தெளிவு. உலக சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட வழிகாட்டலில், நல்ல நித்திரைக்குப் படுக்கையறைக்குள் 30 டெசிபெலுக்கு மேல் தொடர்ச்சியான சத்தம் இருக்கலாகாது என்று குறிப்பிட்டது.

நாட்டின் சட்டம்

1. தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 1996இல் சத்தக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வெளியாயின. பிரதேச சபை எல்லைக்குள் பகலில் 55 டெசிபெல், இரவில் 45 டெசிபெல் என்று அவை வரையறுத்தன. நகர சபை, மாநகர சபை எல்லைகளுக்கு இது 63, 50 ஆகும். வைத்தியசாலை, பாடசாலை, நீதிமன்றம், பொது நூலகம் ஆகியவற்றின் எல்லையிலிருந்து 100 மீற்றர் வரை அமைதி வலயம். அங்கே பகலில் 50, இரவில் 45. புனித பிரதேசங்களும் இந்த அமைதி வலயத்தில் சேர்க்கப்பட்டுள்ளன என்பது நாம் சிந்திக்க வேண்டியது. ஒலிபெருக்கி விடயத்தில் பின்வரும் சட்டங்களே முதன்மையானவை. எனினும் ஒரு கிராமத்துக்கு எவ்வளவு சத்தம் தகும் என்பதற்கு இவ்வளவுகள் நல்ல அளவுகோல்.

2. ஒலிபெருக்கி பாவிப்பதற்குப் பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 80ஆம் பிரிவின்படி பொலிஸ் அனுமதிப் பத்திரம் பெறவேண்டும். எந்தச் சமயத்தின் ஆலயமாயினும் இது பொருந்தும்.

3. தண்டனைச் சட்டக்கோவையின் 261ஆம் பிரிவு பொதுத் தொல்லையைக் குற்றமாக்குகிறது. அதனால் சிலருக்கு வசதியோ நன்மையோ உண்டு என்று காரணம் காட்டித் தப்ப முடியாது என்றும் அப்பிரிவு கூறுகிறது.

4. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடபடிமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவின்படி, தொல்லையை நீக்குமாறு நீதவான் கட்டளையிடலாம்.

இரண்டு தீர்ப்புகள்

முதலாவது வழக்கு ஒரு கிறிஸ்தவ சபையைப் பற்றியது. சென்னை மாதவரம் நெடுஞ்சாலைப் பகுதியில் இருந்த சபை ஒன்று ஒலிபெருக்கியோடும் மேளங்களோடும் வழிபாடு நடத்தியது. அயலிலிருந்த கே.கே.ஆர். மஜெஸ்டிக் கொலனி மக்களின் நலன்புரிச் சங்கம் நீதிமன்றம் சென்றது. சத்தத்துக்கு வீதியில் ஓடும் வாகனங்களே காரணம் என்றும், தனது சமய உரிமை பாதிக்கப்படுகிறது என்றும் சபை வாதிட்டது. 2000ஆம் ஆண்டு ஓகஸ்ட் 30ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றம் சபையின் மேன்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. பிறரின் அமைதியைக் குலைத்தோ, ஒலிபெருக்கி மூலமோ, மேளம் அடித்தோ செபிக்கவேண்டும் என்று எந்தச் சமயமும் விதிக்கவில்லை என்பது அத்தீர்ப்பின் சாரம். முதியோர், நோயாளர், மாணவர், சிறு குழந்தைகள் ஆகியோரின் அமைதிக்கான உரிமையையும் அது எடுத்துக்காட்டியது.

இரண்டாவது வழக்கு நமது நாட்டினுடையது. வெலிகமவில் பள்ளிவாசல் ஒன்றின் நம்பிக்கையாளர்கள் ஒலிபெருக்கி அனுமதி தொடர்பாக 2005இல் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்தனர். பிரதம நீதியரசர் சரத் என். சில்வா தலைமையில் 2007 நவம்பர் 9ஆம் திகதி தீர்ப்பு வழங்கப்பட்டது. மனு தள்ளுபடியானது. அத்துடன் எல்லாச் சமயத்தவருக்கும் பொருந்தும் பணிப்புகளைப் பொலிசாருக்கு நீதிமன்றம் விடுத்தது. அவற்றின் சுருக்கம் இது:

இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்கக்கூடாது. விசேட சமய நிகழ்வுகளுக்குக் குறுகிய காலத்துக்கு அனுமதி வழங்கலாம். ஆனால் முதலில் அயலில் வசிப்போரின் கருத்தைக் கேட்டறிய வேண்டும். காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரையும் குறித்த தேவைக்கு, குறித்த நேரத்துக்கு மாத்திரமே அனுமதி. அப்போதும் சத்தம் அந்த வளவைத் தாண்டிச் செல்லலாகாது.

இறுதி வசனத்தைக் கவனியுங்கள். இரவு 10 மணிக்கு நிறுத்திவிட்டால் போதும், பகலில் விரும்பியபடி பாவிக்கலாம் என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு.

சமய சுதந்திரம் பறிபோகிறதா?

இல்லை. நமது அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை சிந்தனை, மனச்சாட்சி, சமய சுதந்திரத்தை எல்லோருக்கும் உறுதி செய்கிறது. 14ஆம் உறுப்புரை வழிபாட்டிலும் போதனையிலும் அதை வெளிப்படுத்தும் உரிமையைத் தருகிறது. ஆனால் இந்த இரண்டாவது உரிமையைப் பிறரின் உரிமைக்காகவும் பொதுச் சுகாதாரத்துக்காகவும் சட்டத்தால் வரையறுக்கலாம். விசுவசிப்பது ஒன்று, விசுவசிக்காதவரைக் கேட்க வைப்பது வேறொன்று. கண்ணை மூடிக்கொள்ளலாம், காதை மூடிக்கொண்டு நித்திரை கொள்ள முடியாது.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட சமய சுதந்திரம் பற்றிய ஏடும் இதையே கற்பிக்கிறது. தனி மனிதரும் குழுக்களும் தமது உரிமையைப் பயன்படுத்தும்போது பிறரின் உரிமையையும் பொது நன்மையையும் மதிக்கக் கடமைப்பட்டவர்கள். அறைக் கதவை அடைத்து மறைவில் செபிக்கும்படி ஆண்டவர் போதித்ததை நாம் அறிவோம். எலியா இறைவாக்கினர் இறைவனைச் சந்தித்தது பெருங்காற்றிலும் நிலநடுக்கத்திலும் அல்ல, மெல்லிய ஓசையிலேயே.

ஒரு எச்சரிக்கையும் தேவை. சட்டம் சிறுபான்மையினரின் ஆலயத்துக்கு மாத்திரம் கடுமையாகவும், பெரும்பான்மையினரின் ஆலயத்துக்கு இளக்கமாகவும் நடந்தால் அது நீதியல்ல. பள்ளிவாசலின் பாங்கு, விகாரையின் பிரித், கோயிலின் திருவெம்பாவை, நமது நவநாள் எல்லாவற்றுக்கும் மணிக்கூடு ஒன்றே.

முதலில் நமது வளவு

அயலவரைத் திருத்துமுன் நமது ஆலயத்தைப் பார்ப்போம். பங்குச் சபை பின்வருவனவற்றைச் செய்யலாம்:

- மரத்திலும் கோபுரத்திலும் உள்ள குழாய் ஒலிபெருக்கிகளை இறக்கி, ஆலயத்துக்குள் சிறிய பெட்டி ஒலிபெருக்கிகளை மக்களை நோக்கிப் பூட்டுதல்.
- காலை 6 மணிக்கு முந்திய பூசைக்கு ஒலிபெருக்கியைத் தவிர்த்தல்.
- திருவிழாவுக்கு முன் அனுமதி பெற்று, எந்த நாள், எத்தனை மணி வரை என்பதை அயல் வீடுகளுக்கு நேரில் சொல்லுதல்.
- பூசைக்கு முன் மணிக்கணக்காகப் பாட்டுப் போடுவதை நிறுத்துதல்.
- ஒலிபெருக்கியின் விசையை யாரும் தொடாமல் பொறுப்பான ஒருவரிடம் ஒப்படைத்தல்.

வெள்ளம், சூறாவளி, காணாமற்போன பிள்ளை போன்ற அவசர அறிவித்தல்கள் வேறு. அவை உயிர் காக்கும். எப்போதும் ஒலிபெருக்கி அலறும் ஊரில் அவசர அறிவித்தலுக்கும் யாரும் செவி கொடுக்க மாட்டார்கள்.

அயலில் சத்தம் மிகுந்தால்

1. முதலில் பேசுங்கள். திருவிழா நடக்கும்போதல்ல, அதற்குப் பல நாட்களுக்கு முன்பு. இரண்டு மூன்று பெரியவர்கள் போகட்டும். அந்தச் சமயத்தைச் சேர்ந்த ஒருவரும் கூட இருப்பது நல்லது.

2. சமயத்தைப் பற்றிப் பேசாதீர்கள். நேரத்தையும் சத்தத்தின் அளவையும் ஒலிபெருக்கி பார்க்கும் திசையையும் பற்றிப் பேசுங்கள். குழாயைச் சற்றுத் திருப்பினாலே தீரும் பிரச்சினைகளும் உண்டு.

3. கிராம அபிவிருத்திச் சங்கத்தில் எல்லா ஆலயப் பொறுப்பாளர்களையும் அழைத்து, கிராம அலுவலர் முன்னிலையில் ஒரு நேர அட்டவணை செய்யுங்கள். பரீட்சைக் காலத்துக்குத் தனி ஒழுங்கு வேண்டும்.

4. பயனில்லாவிட்டால் ஒரு கொப்பியில் திகதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், பாதிக்கப்பட்டவர் யார் என்பவற்றை எழுதி வையுங்கள். பல குடும்பங்கள் சேர்ந்து பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரியிடம் எழுத்தில் முறையிடுங்கள். அனுமதிப் பத்திரம் உண்டா என்று கேளுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிற ஊரிலிருந்து வந்து குடியேறிய ஒரு குடும்பம் தனித்து முறையிட்டால் அதன்மேல் பகை வளரலாம். பலர் சேர்ந்தால் அது ஊரின் குரல்.

5. அயலவர் பிணக்குகளைச் சமாதானமாகத் தீர்க்க 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்படி மத்தியஸ்த சபைகள் உண்டு. நீதவான் நீதிமன்றம் செல்லவேண்டி வந்தால், வசதியற்றவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

ஒலிபெருக்கி வயரை வெட்டுவதோ கல்லெறிவதோ ஒருபோதும் வேண்டாம். நியாயம் நம் பக்கம் இருந்தாலும் அன்றே அதை இழந்துவிடுவோம். வீட்டையும் வயலையும் இழந்து வந்த மக்களுக்கு இன்று எஞ்சியிருக்கும் பெரும் செல்வம் நல்ல அயல். நாளை விதைப்புக்கு உழவு இயந்திரம் இரவல் தருபவரும், நடுச்சாமத்தில் நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்பவரும் அந்த அயலவரே.

குழுவில் கலந்துரையாட

1. நமது ஆலயத்தின் சத்தம் எந்த வீடு வரை கேட்கிறது? ஒருவர் நடந்து சென்று கேட்டு வந்து சொல்லட்டும்.
2. அந்த வீடுகளில் நோயாளர், கைக்குழந்தைகள், பரீட்சை எழுதும் மாணவர் யார் யார்?
3. பிற சமயத்தவரிடம் நாம் எதிர்பார்க்கும் எந்த ஒழுங்கை நாம் இன்னும் கடைப்பிடிக்கவில்லை?
4. அடுத்த திருவிழாவுக்கு முன் யாரிடம், எப்போது பேசப் போகிறோம்?