கஷ்ட காலத்தில் நாடகம் எதற்கு?

"மழையே இல்லாம ஊரே கஷ்டப்படுது, இந்த வருஷம் ஆண்டு விழாவுக்கு நாடகம் எதுக்கு?" என்று எங்க வகுப்பில் பேச்சு வந்தது. அதற்குப் பதிலாக ஒரு உண்மைச் சம்பவம் சொல்கிறேன்.

ஐரோப்பாவில் போஸ்னியா நாட்டின் தலைநகர் சரயேவோ. 1992 ஏப்ரல் முதல் 1996 பிப்ரவரி வரை போஸ்னிய செர்பியப் படைகள் அந்த ஊரை முற்றுகையிட்டன. கரண்ட் இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை. தண்ணி எடுக்கப் போனவங்களையும் மறைந்திருந்து சுட்டார்கள்.

ஆனால் 1992 மே மாதமே அங்கே ஒரு போர்க்கால நாடகக் குழு தொடங்கியது! 1993 ஆகஸ்டில் அமெரிக்க எழுத்தாளர் சூசன் சொன்டாக், சாமுவேல் பெக்கெட்டின் ஒரு நாடகத்தை உள்ளூர் நடிகர்களை வைத்து நடத்தினார். இரண்டு பேர் மரத்தடியில் 'கோதோ' என்பவருக்காகக் காத்திருப்பார்கள். அவர் வரவே மாட்டார். அதுதான் கதை.

மேடையில் மெழுகுவர்த்தி வெளிச்சம்தான். சரியான சாப்பாடு இல்லாமல் நடிகர்கள் ஒத்திகையிலேயே களைத்துப் போனார்கள். ஆனாலும் ஜனங்க உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு பார்க்க வந்தாங்க. ஏன் தெரியுமா? அவங்களும் தண்ணிக்கும் உதவிக்கும் காத்துக்கிட்டுதானே இருந்தாங்க! மேடையில் நடந்தது அவங்க கதை.

அந்த நாடகம் போரை நிறுத்தவில்லை. முற்றுகை மேலும் 2 வருஷத்துக்கு மேல் நீடித்தது. நாடகம் சோறும் போடாது. ஆனால் நாம வெறும் வயிறு மட்டும் இல்லை, மனுஷங்க என்பதை மறக்க விடாது.

கஷ்டத்தில் கலை செழிக்குமோ என்னவோ, சாகாது. அதனால் நாடகம் போடுவோம். நம்ம ஊர்க் கதையையே போடுவோம். மெழுகுவர்த்தி நான் கொண்டு வரேன்!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி