வைஃபை கார்டு போகவில்லை!



2011-இல் தமிழக அரசு இலவச மடிக்கணினி தரத் தொடங்கியது. அப்படி அக்காவுக்குக் கிடைத்த மடிக்கணினியில் விண்டோஸோடு டெபியன் 11 லினக்ஸும் போட்டோம். லினக்ஸில் வைஃபை வரவில்லை. கடையில் "கார்டு போச்சு, புதுசு மாத்தணும்" என்றார்கள். ஆனா விண்டோஸில் வைஃபை வருதே! அப்போ கார்டு நல்லாத்தானே இருக்கு?

காரணம் என்ன?
வைஃபை கார்டு வேலை செய்ய ஃபர்ம்வேர் என்ற சிறு நிரல் வேண்டும். பல கார்டுகள் கரண்டை நிறுத்தியதும் அதை மறந்துவிடும். ஆகவே, கணினி ஆன் ஆகும் ஒவ்வொரு முறையும் டிரைவர் அதை வட்டிலிருந்து எடுத்து கார்டுக்குக் கொடுக்கும். வட்டில் அந்தக் கோப்பு இல்லாவிட்டால் கார்டு சும்மா கிடக்கும்.

கண்டுபிடிப்பது எப்படி?
1. டெர்மினலில் 'சூடோ' போட்டு, இடம் விட்டு, டி-எம்-இ-எஸ்-ஜி என்ற ஐந்து எழுத்தைத் தட்டுங்கள்.
2. 'ஃபர்ம்வேர்' என்று வரும் வரியைத் தேடுங்கள். அதில் 'எரர் மைனஸ் 2' என்றிருந்தால் கோப்பு இல்லை என்று பொருள். கோப்பின் பெயரும் அங்கேயே இருக்கும்.
3. செல்போனை யூ.எஸ்.பி. வயரில் இணைத்து, டெதரிங்கில் நெட் எடுங்கள். 'நான்-ஃப்ரீ' பகுதியைச் சேர்த்து, உங்கள் கார்டுக்கான ஃபர்ம்வேர் தொகுப்பை நிறுவி, ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

மூலநிரல் இல்லாத கோப்புகள் என்பதால் டெபியன் இவற்றைத் தனியே வைத்திருந்தது. 2023-இல் வந்த டெபியன் 12 முதல் நிறுவும்போதே கிடைக்கின்றன.

எங்களுக்கு ஒரு பைசா செலவில்லை. உங்க வீட்டுலயும் வைஃபை வரலைன்னா, கடைக்குப் போகும் முன் அந்த ஒரு வரியைப் படிச்சுப் பாருங்க!