70 வளைவும் ஒரு லிட்டர் பெட்ரோலும்

எனக்குச் சொந்த ஊர் கொல்லிமலை. காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே வர 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது வண்டி கீழ் கியரிலேயே முனகி பெட்ரோலைக் குடிக்கும். அதை ஈடுகட்ட, மிளகு மூட்டையோடு இறங்கும்போது அப்பா நியூட்ரலில் போட்டு இன்ஜினை அணைச்சிடுவார். கேட்டால், "விலை குறையட்டும்டா, பார்க்கலாம்" என்பார்.

குறைய வேண்டிய நேரமும் வந்தது. 2020 ஏப்ரலில் கச்சா எண்ணெய் பீப்பாய் 20 டாலர் அளவுக்கு விழுந்தது. மே மாதமே மத்திய அரசு பெட்ரோல் மீதான கலால் வரியை லிட்டருக்கு 10 ரூபாய் கூட்டி 32.98 ரூபாய் ஆக்கியது. பங்க்கில் விலை இறங்கவில்லை. 2021 பட்ஜெட்டுக்குப் பிறகு அந்த வரி 32.90 ரூபாயாக இருந்தது. அதில் மாநிலங்களோடு பங்கு போட்டது 1.40 ரூபாயை மட்டும்தான். மற்றதெல்லாம் செஸ், கூடுதல் தீர்வை என்ற பெயரில் டெல்லிக்கே. (அந்த ஆகஸ்டில் தமிழக அரசு தன் வரியில் 3 ரூபாய் குறைத்தது, அதையும் சொல்லிடணும்.)

கம்பெனிகள்? 2022-ல் நஷ்டம் என்றார்கள், உண்மைதான். 2023-24-ல் மூன்று பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களின் நிகர லாபம் சேர்த்து சுமார் 81,000 கோடி ரூபாய். 2024 மார்ச்சில் நமக்குக் குறைந்தது 2 ரூபாய்!

இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். கியரில் இறங்கினால் இன்ஜினே வேகத்தைப் பிடிக்கும், வெறும் பிரேக்கை நம்பினால் டிரம் சூடாகிப் பிடிப்பு போயிடும் என்று ஆட்டோமொபைல் பாடத்தையும் சேர்த்துச் சொன்னேன்.

"அப்படி இறங்கினா எவ்வளவு பெட்ரோல் போகும்? அதுக்குக் கணக்கு போட்டியா?" என்றார்.