மழையை நம்பி எழுந்த மாண்டு

பாகாயத்தைச் சூழ்ந்த குன்றுகளையும் வேலூர்க் கோட்டையின் அகழியையும் நாள்தோறும் காணும் நம் மாணவர்க்கு, மலைமேல் அமைந்த இடைக்காலத் தலைநகர் ஒன்றினை அறிமுகப்படுத்துவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மாண்டு என்னும் பெயர் தமிழ்ச் செவிக்கு மங்கலமாக ஒலிப்பதன்று. ஆனால் மால்வா சுல்தான்கள் அவ்வூருக்கு இட்ட பெயரோ ஷாதியாபாத். 'மகிழ்ச்சி நகரம்' என்பது பொருள். 1468இல் 'மிஃப்தாஹுல் ஃபுஸலா' என்னும் பாரசீக அகராதியைத் தொகுத்த முகம்மது பின் தாவூத், ஷாதியாபாதி என ஊர்ப்பெயராலேயே அறியப்படுகிறார். அவ்வகராதியின் படியொன்று சொற்பொருளை ஓவியமாகவும் தீட்டிக் காட்டுகிறது. நிகண்டு பயில்வோர் இதனை எண்ணி மகிழலாம்.

மத்தியப் பிரதேசத்துத் தார் மாவட்டத்தில், விந்தியத்தின் விளிம்பில், ஏறத்தாழ 630 மீட்டர் உயரத்தில் அமைந்தது இவ்வூர். தில்லி வாயிலைக் கடந்தால் இன்று காண்பன வயல்களும், சிற்றூர் வீடுகளும், இடையிடையே எழும் குவிமாடங்களுமே. ஆரவாரம் இல்லை. 1454இல் முதலாம் மஹ்மூத் கில்ஜி காலத்தில் நிறைவுற்ற ஜாமிஆ மஸ்ஜிதின் தூண்வரிசைகள் அணிகலன் குறைந்தவை. அவற்றின் அளவே அழகு. அதனை அடுத்து வெண்சலவைக்கல்லால் ஆன ஹோஷங் ஷா அடக்கத்தலம். ஷாஜகானின் கட்டடக்கலைஞர் நால்வர் 1659இல் வந்து இதற்கு வணக்கம் செலுத்தியதை வாயிற் கல்வெட்டு கூறுகிறது.

எனினும் எம் உள்ளத்தைக் கவர்ந்தது வேறொன்று. பாலாறு என்னும் பெயர் இருந்தும் ஆண்டின் பெரும்பகுதி மணலையே காண்கிறோம். தோல் பதனிடு கழிவுநீரால் கெட்ட கிணறுகளைப் பற்றி 1996இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. மாண்டுவுக்கோ ஆறே கிடையாது. ஆகவே அங்குக் கட்டடம் எழுப்புதல் என்பது மழையை வாங்கி வைத்தலுமாக இருந்தது. கியாத் ஷா (1469-1500) கட்டியதாகக் கருதப்படும் ஜஹாஸ் மஹல், ஏறத்தாழ 120 மீட்டர் நீளத்தில் இரு ஏரிகளுக்கிடையே கப்பல்போல் நிற்கிறது. அங்கே சுருள் சுருளாகச் செதுக்கிய கல்வாய்க்காலில் நீர் மெல்ல ஓடி, வண்டலை வழியிலேயே விட்டுவிட்டு நீராடு குளத்தை அடையும் என்பர். சம்பா கிணற்றையொட்டி நிலத்தடியில் குளிர்ந்த அறைகள் உள்ளன. ரேவா குண்டத்தின் நீர் பாஸ் பகதூர் அரண்மனைக்கு ஏற்றப்பட்டது.

இத்துணை ஏற்பாடும் எக்காலத்தும் போதுமானதாக இருந்ததென்று சொல்லிவிட முடியாது. 1617இல் ஜஹாங்கீரின் பாளையத்தோடு இங்குத் தங்கிய ஆங்கிலத் தூதர் தாமஸ் ரோ, தண்ணீர்த் தட்டுப்பாட்டால் மக்கள் பட்ட அல்லலைத் தம் குறிப்பேட்டில் எழுதியுள்ளார். ஊரின் அளவுக்கு வெட்டிய ஏரிகள், திடீரென வந்திறங்கிய பேரரசின் கூட்டத்திற்கு எங்ஙனம் ஈடுகொடுக்கும்?

தென்கோடியில், செங்குத்தான சரிவின் முனையில், ரூபமதி மண்டபம் இருக்கிறது. அங்கு நின்றால் முந்நூறு மீட்டருக்குக் கீழே நிமார்ச் சமவெளியும், வானம் தெளிந்த நாளில் வெள்ளிக் கோடாக நருமதையும் தெரியும். அந்த ஆற்றைக் கண்ணால் காணலாம். குடத்தில் முகக்க இயலாது. மண்டபத்தின் அடித்தளத்தில், மேற்கூரையின் மழைநீரைத் தேக்கும் தொட்டி ஒன்று உள்ளது.