தாத்தாவின் கேசட்

போன மாதம் தாத்தா வீட்டு அலமாரியைத் துடைக்கும்போது ஒரு விஎச்எஸ் கேசட் கிடைச்சது. மேலே ஒட்டியிருந்த தாளில் ‘திருவிழா நாடகம்’ என்று மட்டும் எழுதியிருந்தது. எந்தத் தோட்டத்துக் கோயில், எந்த வருஷம், ஒன்றும் இல்லை.

“நாந்தான்யா அரிச்சந்திரன். மத்தவங்க யாருன்னு முகத்தப் பாத்தாதான் சொல்ல முடியும்” என்றார் தாத்தா.

பார்க்கத்தான் கருவி இல்லை. கடைசிவரை விசிஆர் தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமே 2016 ஜூலையில் அதை நிறுத்திவிட்டது. கேசட் நாடா என்பது பிளாஸ்டிக் பட்டைமேல் பசைபோட்டு ஒட்டிய காந்தத் துகள்தான். நம்ம ஜொகூர் ஈரக்காற்றில் அந்தப் பசை இளகும், பூஞ்சணம் பிடிக்கும். வெள்ளைப் புள்ளி தெரிந்தால் ஓட்டிப் பார்க்காதீங்க. கருவியும் கெடும், அடுத்துப் போடும் கேசட்டுக்கும் பூஞ்சணம் தொற்றும்.

பாலம் தாண்டினால் சிங்கப்பூர் கேம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையம் இருக்கு, 2015 மே மாதம் திறந்தது. அங்கே பொருள்களோடு ஆடல் பாடல் நிகழ்ச்சிகளும் நடக்கும். கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் நகை நாளைக்கும் அங்கேயே இருக்கும். நாட்டியம் அப்படியில்லை, சலங்கையைக் கழற்றியதும் முடிந்தது. பதிவு ஒன்றுதான் மிச்சம். இதைப் புரிந்துகொண்டுதான் அங்குள்ள தமிழ் மின்மரபுடைமைக் குழு தேசிய நூலக வாரியத்தோடு சேர்ந்து வேலை செய்தது. 2015இல் இலக்கிய நூல்களை மின்வடிவாக்கினார்கள். பிறகு நாடகம், இசை, நடனம் என்று தொடர்ந்தார்கள்.

நம்ம கிளையில் என்ன நடக்குது? கலைவிழாவைக் கைப்பேசியில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புறோம். அதுவோ படத்தைச் சுருக்கித் தரம் குறைத்துவிடும். (நானும் அந்தக் கும்பல்தான்.) மூலக் கோப்பையே எடுத்துவைங்க. மூன்று பிரதி வேணும், இரண்டு வகைச் சாதனத்தில், ஒன்றாவது வேறு வீட்டில். அதைவிட முக்கியம், தேதி, இடம், ஆடியவர், மத்தளம் வாசித்தவர், பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர் பெயரைக் கோப்போடு எழுதிவைப்பது. பெயர் தெரிந்தவர்களுக்கு இப்போதே எண்பது வயது.

மூவாரில் ஒருவரிடம் ஓடுகிற விசிஆர் இருக்காம். கேசட்டில் இதுவரை வெள்ளைப் புள்ளி இல்லை. சனிக்கிழமை தாத்தாவையும் ஒரு நோட்டுப் புத்தகத்தையும் கூட்டிக்கிட்டுப் போறேன்.