பழைய பிரஷ்ஷில் ஒரு ரோபோ

ரோபோ செய்ய விலைகூடிய கிட் தேவையில்லை. தேய்ந்த பல் பிரஷ்ஷின் தலையைப் பெரியவர் ஒருவர் வெட்டிக் கொடுக்கட்டும். பழுதான போனின் அதிர்வு மோட்டரை பிரஷ் தலையின் முதுகில் இருபக்க டேப்பால் ஒட்டி, மேலே 3 வோல்ட் பொத்தான் பற்றரி வைக்கலாம். மோட்டரின் ஒரு வயர் பற்றரிக்கு அடியில், மற்றது மேலே. திருகோணமலைக் கடற்கரை நண்டு மாதிரி விறுவிறுவென்று ஓடும்! நார்கள் பின்னுக்குச் சாய்ந்திருந்தால் முன்னே போகும். நிமிர்ந்து நின்றால் சும்மா சுற்றும். காரணத்தைப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும்.

பொத்தான் பற்றரியைக் குழந்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. விளையாட்டு முடிந்ததும் கழற்றி, எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

புரோகிராமிங்குக்கும் முதலில் கணினி வேண்டாம். 1967இல் பிறந்த லோகோ என்ற கணினி மொழி, பின்னாளில் ஓர் இயந்திர ஆமையை 'முன்னே போ, வலப்பக்கம் திரும்பு' என்று நகர்த்தியது. வீட்டில் பிள்ளை கட்டளையிட, அப்பா ஆமையாகலாம். கதவில் முட்டினால் பிழை கட்டளையில்தான், அப்பாவில் இல்லை!

பிறகு மைக்ரோபிட் என்ற குட்டிக் கணினி. 25 குட்டி விளக்குகளும் திசைகாட்டியும் உள்ள இந்தப் பலகையை வாங்குமுன், மேக்கோட் தளத்தில் அதன் மாதிரியை இலவசமாக இயக்கிப் பார்க்கலாம்.

திருகோணமலைத் துறைமுகப் பக்கம் உப்புக்காற்று பொல்லாதது. பற்றரி முனைகளில் களிம்பு ஏறிவிடும். இறுக மூடும் டப்பாவில், புதுச் சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா பொட்டலத்தோடு வைத்தால் போதும்.