தம்பி, உனக்கு எத்தனை வயசு?



வேதாகமக் கல்லூரியில் டிப்ளமோ படித்த நாட்களில் 'ஆண்டிகனி' என்ற கிரேக்க நாடகத்தை வாசித்தேன். சுமார் கி.மு. 441-ல் சோபோகிளிஸ் எழுதியது. உலகக் கதைதானே என்று தள்ளிவிடாதிருங்கள்.

தீபஸ் பட்டணத்து ராஜா கிரியோன். பட்டணத்தின்மேல் படையெடுத்து வந்து மாண்ட பாலினைசஸை யாரும் அடக்கம்பண்ணக் கூடாது என்று கட்டளையிட்டான். மாண்டவனின் சகோதரி ஆண்டிகனி அந்த உடல்மேல் மண்ணைத் தூவினாள். அவளுக்கு கிரியோன் தாய்மாமன். அவன் மகன் ஹீமோனுக்கு நிச்சயிக்கப்பட்டவளும் அவளே. ஆனாலும் சாவுக்குத் தீர்த்தான்.

ஹீமோன் என்ன பண்ணினான்? முதலில் தாழ்மையாய்த்தான் பேசினான். ஜனங்கள் உங்கள் முகத்துக்குப் பயந்து பேசாதிருக்கிறார்கள், மறைவிலோ அவளுக்காகப் புலம்புகிறார்கள் என்றான். ராஜாவுக்கு வந்ததே கோபம்! என் வயசுக்கு இந்தப் பொடியனிடமா நான் பாடம் படிக்கணும் என்று சீறினான். அவளை உயிரோடே குகையில் வைத்து அடைத்தான்.

ரெகொபெயாமை நினைத்துப் பாருங்கள் (1 இராஜாக்கள் 12). அங்கே முதியோர் சொன்னது சரி, வாலிபர் சொன்னது தப்பு. இங்கே வாலிபன் சொன்னதே சரி. ஆகையால் வயசை வைத்து ஆலோசனையை எடைபோட முடியாது.

பிறகு குருடனான தீர்க்கன் டைரீசியஸ் வந்து எச்சரித்தான். காசுக்குப் பேசுகிறாய் என்று அவனையும் ஏசினான் கிரியோன். ஆனால் அவன் போனபின் பயம் பிடித்தது. முதலில் பெண்ணை விடுவியுங்கள், பிறகு பிணத்தை அடக்கம்பண்ணுங்கள் என்றார்கள் மூப்பர்கள். அவனோ முதலில் பிணத்தண்டை போனான்! குகைக்கு வந்தபோது அவள் தூக்கில் தொங்கினாள். ஹீமோன் தகப்பன்மேல் பட்டயத்தை உருவினான். அது தப்பவே, தன்னையே குத்திக்கொண்டான். செய்தி கேட்ட தாய் யூரிடிசியும் உயிரை மாய்த்துக்கொண்டாள். கிரியோன் மனம் மாறினான், மெய்தான். உயிரோடிருந்தவளைக் கடைசியில் வைத்தான், அவ்வளவுதான்.

இதை ஏன் எழுதுகிறேன்? எங்கள் சபைக் கூட்டத்தில் ஒரு வாலிபத் தம்பி எழுந்து, "பாஸ்டர், கட்டிட நிதிக் கணக்கை வாசிக்கலாமே" என்றான். "தம்பி, உனக்கு எத்தனை வயசு?" என்று கேட்டுவிட்டேன். சிலர் சிரித்தார்கள். அவன் உட்கார்ந்துவிட்டான். மூன்று வாரமாய் ஆராதனைக்கு வரவில்லை.

கூரை வேலை முடியட்டும், அப்புறம் போய்ப் பார்க்கலாம் என்றிருந்தேன். கொத்தனார் நாளை வருகிறார், வரட்டும். கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு இன்று சாயங்காலமே அவன் வீட்டுக்குப் போகிறேன். எனக்காக ஜெபியுங்கள்.